ஒரு கண் மட்டும் ஏன் தூங்கி வழிகிறது?

கேள்வி: எனக்கு வயது 48. ஏழெட்டு மாதங்களாக வலது மேலிமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருகிறது. மாலையானால் இன்னும் மோசம். பார்ப்பவர்கள் எல்லாம் ‘இரவு தூங்கவில்லையா?’ என்கிறார்கள். படிக்கும்போது இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன். இருபது ஆண்டுகளாக கான்டாக்ட் லென்ஸ் அணிகிறேன். இமைப் பயிற்சியும் மசாஜும் செய்தால் சரியாகிவிடும் என்று தோழி சொன்னதால் ஒரு மாதமாகச் செய்கிறேன். அறுவை சிகிச்சை என்றாலே பயம். என்ன செய்யலாம்?

பதில்: அன்புச் சகோதரி, விரலால் தூக்கிப் பிடித்துப் படிக்கும் நிலைக்கு வந்துவிட்டீர்கள் என்றால், இமை பார்வைக்குக் குறுக்கே வந்துவிட்டது என்று பொருள். ‘வயதாகிறது, இதற்கெல்லாமா டாக்டர்?’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மசாஜை இன்றோடு விட்டுவிடுங்கள். மேலிமையைத் தூக்கும் தசை கண்குழியின் ஆழத்திலிருந்து புறப்பட்டு, இமைக்குள் வரும்போது மெல்லிய நார்ப்பட்டையாக மாறி அங்கே ஒட்டிக்கொள்கிறது. நடுவயதுக்கு மேல் வரும் இமை இறக்கத்தில் பெரும்பாலும் தசை நன்றாகவே இருக்கும். அந்தப் பட்டைதான் நைந்து நீண்டிருக்கும், அல்லது ஒட்டிய இடத்தைவிட்டு நழுவியிருக்கும். கயிறு தளர்ந்தபின் இழுப்பவருக்குப் பலம் இருந்து என்ன பயன்? பயிற்சி செய்து நாரைக் குட்டையாக்க முடியாது. தேய்க்கத் தேய்க்க அது இன்னும் தளரும். பல ஆண்டுகள் இமையை இழுத்து லென்ஸ் போட்டுக் கழற்றுவதும் இதற்கு ஒரு காரணம். லென்ஸின் உறுத்தலால் இமையின் உட்புறம் தடித்தாலும் இமை கனத்து இறங்கும். அதனால் மருத்துவரைப் பார்க்கும்வரை சாதாரணக் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள்.

கண்ணாடி முன் நின்று ஒரு நிமிடம் பாருங்கள். வலது இமையின் மடிப்பு, இடது இமையின் மடிப்பைவிட மேலே ஏறியிருக்கிறதா? வலது புருவம் உயர்ந்து, நெற்றியில் அந்தப் பாதியில் மட்டும் கோடுகள் விழுகின்றனவா? இருந்தால், பட்டை தளர்ந்ததற்கான அடையாளம் அது. நெற்றித் தசை நாள் முழுக்க இமைக்குக் கைகொடுத்து, பொழுது சாயும்போது களைத்துவிடுகிறது. மாலைத் தலைவலிகூட அதனால் வரலாம்.

ஆனால் ‘மாலையானால் மோசம்’ என்ற வரியை அப்படியே கடந்துபோக எனக்கு மனமில்லை. மயஸ்தீனியா கிரேவிஸ் என்றொரு நோய் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பு தசைக்குக் கட்டளை தரும் இடத்தைத் தாக்குவதால், தசை வேலை செய்யச் செய்யச் சோர்ந்துபோகும். பலருக்கு அது முதலில் தலைகாட்டுவது இமையில்தான். காலையில் விரிந்திருக்கும் கண் மாலையில் பாதி மூடும். ஒரு நாள் வலது, இன்னொரு நாள் இடது என்று மாறவும் செய்யும். ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறதா? சாப்பிடும்போது மெல்லவோ விழுங்கவோ சிரமமா? பேசப் பேசக் குரல் மங்குகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். விழுங்குவதோ மூச்சு விடுவதோ கடினமானால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பரிசோதனை எளிது: இமைக்காமல் மேலே பார்க்கச் சொல்வார்கள், இமை மெல்லச் சரிகிறதா என்று கவனிப்பார்கள். மூடிய இமைமேல் பனிக்கட்டிப் பையை இரண்டு நிமிடம் வைத்து எடுத்ததும் கண் பளிச்சென்று திறந்தால் சந்தேகம் வலுக்கும். பிறகு இரத்தப் பரிசோதனை. இந்த நோய்க்கு முதல் சிகிச்சை மாத்திரை. இது தெரியாமல் இமையில் கத்தி வைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

உங்களுடையது மெதுவாக வந்தது. திடீரென்று வரும் இறக்கம் வேறு கதை. இமை சரிவதோடு கடும் தலைவலி, இரட்டைப் பார்வை, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிந்திருப்பது ஆகியவை சேர்ந்தால், மூளையின் இரத்தக் குழாய் வீங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். பாப்பா சுருங்கி, கழுத்தும் வலித்தால் கழுத்துத் தமனியின் சுவர் கிழிந்திருக்கலாம். இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பிறவியிலேயே இமை இறங்கிய குழந்தைகளையும் சீக்கிரம் காட்டிவிட வேண்டும்; மறைந்த கண் பார்க்கவே கற்றுக்கொள்ளாமல் சோம்பேறிக் கண்ணாகிவிடும்.

இனி, நீங்கள் பயப்படும் அறுவை சிகிச்சை. பட்டை தளர்ந்ததுதான் காரணம் என்று உறுதியானால், அதை இழுத்து மீண்டும் தைப்பதே நிலையான தீர்வு. பெரும்பாலும் இமையை மட்டும் மரத்துப்போகச் செய்து, நீங்கள் விழித்திருக்கும்போதே செய்வார்கள். நடுவில் ‘கண்ணைத் திறங்கள், மேலே பாருங்கள்’ என்பார்கள். சிலர் எழுந்து உட்காரவும் சொல்வார்கள். இரண்டு இமைகளின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிச்சை இறுக்குவார்கள். தழும்பு இமை மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். தசையே மிகவும் பலவீனமாக இருப்பவர்களுக்கு மட்டும் இமையை நெற்றித் தசையோடு இணைக்கும் வேறு முறை உண்டு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இமை சற்றுக் கூடவோ குறையவோ உயரலாம், மறுபடி திருத்த நேரலாம். சில காலம் கண் முழுதாக மூடாமல் உலர்ந்துபோகலாம். ஒரு பக்கம் தூக்கியதும் மறுபக்கம் இறங்குவதும் உண்டு. இரண்டு இமைகளுக்கும் மூளையிலிருந்து வரும் கட்டளை ஒன்றே என்பதால் இப்படி நேர்கிறது. முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தியே வேண்டாம் என்றால், 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆக்ஸிமெட்டாசோலின் 0.1 சதவீதக் கண் சொட்டு மருந்து இருக்கிறது. இமையைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் உயர்த்தும், சில மணி நேரம்தான் நிற்கும். மூக்கடைப்புக்கு விற்கும் அதே பெயர் மருந்தைக் கண்ணில் விட்டுவிடாதீர்கள். இமையைத் தாங்கும் சிறு கம்பி பொருத்திய மூக்குக்கண்ணாடியும் செய்து தருகிறார்கள்.

இந்த வாரமே கண் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். இமை அறுவையில் பயிற்சி பெற்றவரானால் நல்லது. அதுவரை தினமும் காலை எழுந்ததும் ஒன்று, இரவு படுக்குமுன் ஒன்று என்று ஒரே இடத்தில் நின்று முகத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முந்தைய படம் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். எப்போது தொடங்கியது என்று நீங்கள் நினைப்பதும் படம் சொல்வதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை.