மீட்டர் பச்சை, காந்தாரம் மட்டும் சேரவில்லை: சுருதிச் சந்தேகங்களும் பதில்களும்

கேள்வி: வாய்ப்பாட்டு கற்கிறேன், 5 கட்டை சுருதி. வீட்டில் கைப்பேசி ட்யூனர் செயலியைப் பார்த்துச் சாதகம் செய்கிறேன். ஸட்ஜமும் பஞ்சமமும் பச்சை காட்டுகின்றன. மாயாமாளவகௌளை காந்தாரத்தை ஆசிரியர் சொன்னபடி பாடினால், சுரம் குறைவு என்று முள் இடப்பக்கம் சாய்கிறது. யாரை நம்புவது?
— வாசகி, திருச்சி

பதில்: ஆசிரியரை நம்புங்கள். செயலி தன் கணக்கில் சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்கு தம்புராவுக்கு உரியதல்ல.

ஒரு ஸ்தாயியை, அதாவது ஸட்ஜம் முதல் மேல் ஸட்ஜம் வரை, 12 சம பங்காக்கி, பங்குக்கு 100 சென்ட் என்று செயலி வைத்திருக்கிறது. அதன்படி அந்தர காந்தாரம், அதாவது நீங்கள் பாடும் மாயாமாளவகௌளை காந்தாரம், 400 சென்ட். தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரமோ 386 சென்ட்தான், அதாவது ஸட்ஜத்தைப் போல் ஒன்றேகால் மடங்கு. உங்கள் 5 கட்டையில் ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ் என்றால் காந்தாரம் 245. செயலி பச்சை காட்டுவது 246.9-இல். இரண்டு ஹெர்ட்ஸ்தானே என்று விட முடியாது. எந்த நாதத்திலும் அதன் அதிர்வெண்ணின் மடங்குகள் மேற்சுரங்களாக மெல்லச் சேர்ந்தே ஒலிக்கும். ஸட்ஜத்தின் ஐந்தாம் மடங்கு மேற்சுரம் 980. 245-இல் பாடினால் உங்கள் குரலின் நான்காம் மடங்கும் அதே 980-இல் வந்து அமரும். 246.9-இல் பாடினால் அது 988-ஐ ஒட்டிப் போய், நொடிக்கு எட்டு முறை படபடக்கும். இந்தப் படபடப்பைத்தான் இயற்பியலில் விம்மல் என்கிறார்கள். பஞ்சமத்தில் இந்த வேறுபாடு 2 சென்ட் மட்டுமே. அதனால் அங்கே செயலியும் தம்புராவும் ஒத்துப்போவதாகத் தெரிகிறது. இதே சம பங்குக் கணக்கில் சுருதி வைத்த ஹார்மோனியத்தின் மேல் பழைய வித்வான்களுக்கு இருந்த குறைகளில் இதுவும் ஒன்று. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அந்த வாத்தியத்தை விலக்கியே வைத்திருந்தது.

ஆகவே ட்யூனரை ஸட்ஜம் பிடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு அணைத்துவிடுங்கள். சாதகத்துக்குத் தம்புரா நாதம் வேண்டும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் மந்தர (கீழ் ஸ்தாயி) ஸட்ஜத்தின் அடிநாதம், 98 ஹெர்ட்ஸ், ஏறக்குறைய கேட்காது. வெளி ஸ்பீக்கர் ஒன்றை இணையுங்கள். ஒலியளவு உங்கள் குரலைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும், கூடினால் விம்மல் மறைந்துவிடும். ஹெட்போன் என்றால் ஒரு காதில் மட்டும். இரு காதையும் மூடினால் உங்கள் குரலை எலும்பு வழியாகக் கேட்பீர்கள், அது ஏமாற்றும்.

முதல் வாரம் ஸட்ஜமும் பஞ்சமமும் போதும். வேண்டுமென்றே சற்றுக் கீழே தொடங்கி, அகாரத்தில் ('ஆ' என்று) மெல்ல மேலேறுங்கள். படபடப்பு நிதானமாகி, நின்று, தாண்டியதும் மறுபடி தொடங்கும். அந்த இரு கரைகளையும் காது அறிய வேண்டும். நேராகச் சரியான இடத்தில் போய் நின்றால் காதுக்குப் பாடம் கிடைக்காது. அடுத்து அந்தர காந்தாரம். நன்றாகச் சேர்ந்த தம்புராவில் மந்தரத் தந்தியை மட்டும் மீட்டிக் காத்திருந்தால் அந்தக் காந்தாரம் தானாகவே எழும், 98-இன் ஐந்தாம் மடங்காக, உங்கள் 245-க்கு நேர் மேல் ஸ்தாயியில். அதைக் கேட்டு அதனோடு சேருங்கள். ரிஷபமும் தைவதமும் அதற்குப் பிறகு. கமகத்தோடு, அதாவது அசைவோடு, வரும் சுரங்களை இப்படி நிறுத்தி அளக்க வேண்டாம்.

வாரம் ஒரு சோதனை: தம்புராவை நிறுத்திவிட்டுச் சரளி வரிசை ஒன்றை மூன்று காலம் பாடி, கடைசி ஸட்ஜத்தைப் பிடித்தபடியே தம்புராவைப் போடுங்கள். எவ்வளவு இறங்கியிருக்கிறீர்கள் என்பது உடனே தெரியும்.

கேள்வி: மிருதங்கத்தில் தொப்பிக்கு ரவை எவ்வளவு வைப்பது?
— வாசகர், கும்பகோணம்

பதில்: அளவைக் கண்ணால் அல்ல, சுருதியால் முடிவு செய்யுங்கள். வலந்தலை (வலப்பக்கத் தோல்) ஸட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே தொப்பி (இடப்பக்கத் தோல்) பேச வேண்டும். மெல்லிய ரவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, கையில் ஒட்டாத பதம் வரை பிசைந்து, ஊறவிடுங்கள். தோலின் நடுவை ஈரத் துணியால் துடைத்தபின் அப்புங்கள். சுருதி மேலே நின்றால் இன்னும் கொஞ்சம் சேர்க்கவும், கீழே போனால் கிள்ளி எடுக்கவும். வாசிக்கும்போது காய்ந்தால் விரல் நுனியால் நீர் தொடுங்கள். முடித்ததும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் தோல் கெடும், பூச்சியும் வரும்.

கேள்வி: வயலினை 1 கட்டைக்கு இறக்கினால் தந்திகள் தொய்கின்றன, வில் அழுத்தினால் சுருதி ஏறுகிறது. பிருடையும் (தந்தியை முறுக்கும் ஆணி) நழுவுகிறது.
— வாசகர், மதுரை

பதில்: இவை இரண்டு தனித் தொல்லைகள். தந்தி தொய்வது வாத்தியத்தின் குற்றமில்லை. கடையில் வாங்கும் செட் ஜி, டி, ஏ, ஈ என்ற மேற்கத்திய சுருதிக்குச் செய்தது. 1 கட்டையில் உங்கள் இரண்டாம் தந்தி 440-இலிருந்து 262-க்கு இறங்குகிறது. இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 35 சதவீதம்தான் மிஞ்சும். முதல் தந்திக்கும் அதே கதி. மூன்றுக்கும் நான்குக்கும் 44 சதவீதம். இத்தனை தளர்ந்த தந்தி, விரலோ வில்லோ கொஞ்சம் அழுத்தினாலே நீண்டு சுருதி ஏறும்.

பருமனான தந்திதான் தீர்வு. வயோலா செட் சி, ஜி, டி, ஏ. இதில் கீழ் இரண்டும் 1 கட்டைக்கு அப்படியே பொருந்தும், மேல் இரண்டை ஒரு முழுச் சுரம் இறக்கினால் போதும். வயோலாவைவிட வயலினில் தந்தியின் நீளம் குறைவு என்பதால் இழுவிசை சற்றுக் குறையும், ஆனாலும் இப்போது இருப்பது போல் தொங்காது. போடுவதற்கு முன் பிருடைப் பக்கத்தில் தந்திகள் படிந்து செல்லும் நட்டின் பள்ளங்களைப் பழுது பார்ப்பவரிடம் அகலப்படுத்துங்கள். குறுகிய பள்ளத்தில் தடித்த தந்தி சிக்கி, சுருதி சேர்க்கையில் விட்டுவிட்டுத் தாவும். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தால் வழுக்கும். வீட்டில் தனியாகச் சாதகம் செய்ய மட்டும் என்றால் 5 கட்டையே வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண செட்டில் ஏ, ஈ இரண்டை மட்டும் ஒரு சுரம் இறக்கினால் ஸ-ப-ஸ-ப வந்துவிடும்.

பிருடைக்கு வருவோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றுங்கள். நான்கு தந்தியையும் ஒன்றாகத் தளர்த்தினால் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் விழக்கூடும். பிருடையில் பளபளக்கும் இரண்டு வளையங்கள் தெரியும், துளையோடு உரசும் இடங்கள் அவை. நழுவினால் அங்கே உலர்ந்த சாக்பீஸ், இறுகினால் உலர்ந்த சோப்பு. தந்தியின் கடைசிச் சுற்று பெட்டியின் சுவரை ஒட்டி வரட்டும், அதுவே பிருடையை உள்ளே இழுத்துப் பிடிக்கும். திருப்பும்போது உள்நோக்கி அழுத்துங்கள். கடைசியில் பிரிட்ஜைப் பாருங்கள். சுருதி ஏற்ற ஏற்ற அதன் தலை பிருடைப் பக்கம் சாயும். தந்தி முடிச்சுப் பக்கத்து முகம் பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்ததை அப்படியே விட்டால் வளைந்துபோகும்.

கேள்வி: வீணையில் ஸாரணி (முதல் வாசிப்புத் தந்தி) திறந்து மீட்டினால் சேருகிறது, தார (மேல் ஸ்தாயி) ஸட்ஜம் அபஸ்வரம். மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் புதிதாகப் பதிக்க, கொடுக்க வேண்டுமா?
— வாசகி, கோவை

பதில்: முதலில் ஸாரணித் தந்தியை மாற்றிப் பாருங்கள். துருவும் தேய்மானமும் உள்ள தந்தி மேலே போகப் போகப் பொய் சொல்லும். புதுத் தந்தியிலும் பிசகு இருந்தால், மேருவிலிருந்து (பிருடைப் பக்கம் தந்தி படியும் இடம்) 12-ஆம் மெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டுங்கள். மணி போல் எழும் அந்த ஒலி சரியான தார ஸட்ஜம். அடுத்து அதே மெட்டில் அளவாக அழுத்தி வாசித்து ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடுதலாக இருந்தால் மெட்டு குதிரைப் (பிரிட்ஜ்) பக்கம் நகர்ந்திருக்கிறது, மேருப் பக்கம் தள்ள வேண்டும். குறைந்தால் நேர் எதிர். பக்கத்து மெட்டுகளில் தார பஞ்சமம் வரை எல்லாம் ஒரே அளவில் பிசகினால், குதிரை நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றிரண்டு மெட்டு மட்டும் என்றால் அந்த இடத்து மெழுகை இளக்கி நகர்த்தினால் தீரும். அதையும் பழகிய கைதான் செய்ய வேண்டும். தேன்மெழுகு அதிகம் இளகினால் மெட்டு அமிழ்ந்து, அடுத்த மெட்டில் தந்தி உரசி இரையும். ஏழெட்டு மெட்டு பிசகியிருந்தால் முழு மேளமே கட்டுங்கள். கோடையில் மூடிய காரிலோ, வெயில் விழும் ஜன்னலோரத்திலோ வீணையை வைக்காதீர்கள்.