வாசகர் கேள்வி – பதில்: வகுப்பறைக்கு வரும் மியூவான்

துகள் இயற்பியலைப் பள்ளியிலும் ஊர்க் கூட்டத்திலும் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: அறிவியல் தினத்துக்காக, கண்ணுக்குத் தெரியாத துகள்களின் தடத்தை ஆவியில் கோடாகக் காட்டும் கிளவுட் சேம்பர் செய்தோம். மீன்தொட்டி, டிரை ஐஸ், மருந்துக் கடையில் வாங்கிய ஸ்பிரிட் எல்லாம் இருந்தன. அடித்தட்டு வெள்ளையாகப் பூத்துப்போனதே தவிர, ஒரு கோடுகூடத் தெரியவில்லை. எங்கே தவறு? – அரசுப் பள்ளி ஆசிரியை, மேலூர்

பதில்: வெள்ளையாகப் பூத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. மருந்துக் கடையில் கை துடைக்கத் தரும் ஸ்பிரிட்டில் பொதுவாக 70 சதவீதம்தான் ஆல்கஹால், மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்தத் தண்ணீர் தட்டில் உறைந்து பனிப்பூவாகப் படிந்து, பார்க்க வேண்டிய கோடுகளை மறைத்துவிடும். உங்களுக்கு வேண்டியது 99 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். செல்போன் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க ‘ஐ.பி.ஏ.’ என்று வைத்திருப்பது இதுதான். லேபிளில் சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள். சானிடைசர் வேண்டவே வேண்டாம்.

ஒரு அடி நீளம், அரை அடி அகலம், அரை அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி போதும். அக்ரிலிக் பெட்டி அழகாக இருக்கும், ஆனால் ஆல்கஹால் பட்டுப் பட்டு நுண்விரிசல் விடும். தொட்டியைக் கவிழ்த்தால் மேலே வரும் பக்கத்தின் உட்புறத்தில் ஃபெல்ட் துணியைச் சுற்றிலும் பொருத்துங்கள். பசை ஆல்கஹாலில் கரைந்து துணி கீழே விழுவது வழக்கமான தொல்லை. கண்ணாடிக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகச் சிறு காந்தங்களை வைத்துப் பிடித்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. துணி நன்றாக நனைய வேண்டும், சொட்டக் கூடாது. இந்த அளவுக்கு 40 மில்லி அளவில் ஊற்றிப் பாருங்கள்.

அடித்தட்டுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. மேற்பரப்பு முழுக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள், பெயின்ட் உரிந்து வரும். தெர்மாகோல் தட்டில் டிரை ஐஸைப் பரப்பி அதன்மேல் தகட்டை வையுங்கள். இரண்டாவது தவறு நடக்கிற இடம் இது. டிரை ஐஸ் கட்டிகட்டியாக இருந்தால் தகடு நாலைந்து இடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், குளிர் ஏறாது. துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பொடியாக்கிச் சமமாகப் பரப்புங்கள். தகடு சாயாமல் கிடைமட்டமாக இருக்க வேண்டும். தொட்டியின் விளிம்பைச் சுற்றிப் பிள்ளைகள் விளையாடும் கிளே வைத்து அடையுங்கள். சிறு இடுக்கு இருந்தாலும் காற்று உள்ளே புகுந்து புகை சுழலும், கோடு எதுவும் நிற்காது. மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

பிறகு 10 முதல் 15 நிமிடம் பொறுமை. மேலே துணியிலிருந்து இறங்கும் ஆவி, கீழே தட்டை நெருங்கும்போது மிகையாகக் குளிர்ந்து, திரவமாக மாறக் காத்திருக்கும். மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று அந்தப் பக்கம் போனால் அதன் வழி நெடுக அயனிகள் உண்டாகும், அவற்றின்மேல் துளிகள் படியும். இது நடப்பது தட்டுக்கு மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் மட்டும்தான். எல்.இ.டி. டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் தட்டோடு படிய, பக்கவாட்டில் பிடியுங்கள். அறையை இருட்டாக்குங்கள். முதலில் தூறல் போல் நுண்துளி விழுவது தெரியும். கருவி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

குட்டையாகத் தடித்து வருவது ஆல்ஃபா துகள். காற்றில் இயல்பாகவே இருக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவிலிருந்து வருகிறது. வளைந்து நெளிந்து போகும் மெல்லிய இழை, ஆற்றல் குறைந்த எலக்ட்ரான். மெல்லியதாக, நேராக, நீளமாகப் போவது பெரும்பாலும் மியூவான், அதாவது விண்வெளிக் கதிர்கள் காற்றுமண்டலத்தின் மேலே மோதும்போது பிறக்கும், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான துகள். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைப் பிள்ளைகளிடமும் விடாமல் சொல்லுங்கள். வேகமான எலக்ட்ரானும் நேர்க்கோடுதான் போடும், இந்தத் தொட்டியை வைத்து ஒவ்வொரு கோட்டையும் பிரித்தறிய முடியாது. தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு மியூவான் விழுகிறது. உங்கள் தட்டின் பரப்பு 450 சதுர சென்டிமீட்டர், ஆகவே நிமிடத்துக்கு 450 வர வேண்டுமே என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். வரத்தான் செய்கின்றன. ஆனால் பெரும்பாலானவை மேலிருந்து செங்குத்தாக இறங்குவதால், அந்த மெல்லிய ஆவிப் படலத்தில் ஒரு புள்ளியாகவோ சிறு கீற்றாகவோ முடிந்துவிடுகின்றன. சாய்ந்து வருபவைதான் நீண்ட கோடாகத் தெரியும். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லலாம். மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. ஒளியின் வேகத்தில் போனாலும் அந்த நேரத்தில் 660 மீட்டர்தான் கடக்கும். சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தது மேலூர் வரை வந்து சேருகிறதென்றால், வேகமாகப் போகும் மியூவானின் கடிகாரம் நம் கணக்கில் மெதுவாக ஓடுகிறது என்று பொருள்.

டிரை ஐஸை அன்று காலையே வாங்குங்கள். கல்யாண மண்டபத்தில் மேடைப் புகை போடுகிறவர்களைக் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். வீட்டு ஃப்ரீசரின் குளிர் அதற்குப் போதாது, அதன் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி. மூடி இறுக்கிய பாட்டிலிலோ ஃபிளாஸ்கிலோ போட்டால் வெடிக்கும். தடித்த கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு தரையோடு தங்கும். சிறு பிள்ளைகள் தரையில் உட்காரும் வகுப்பில் கருவியை மேசைமேல் வைத்து, கதவு திறந்திருக்கட்டும். ஆல்கஹால் பக்கத்தில் குத்துவிளக்கு, மெழுகுவர்த்தி எதுவும் கூடாது. விழா தொடக்கத்தில் விளக்கேற்றும் இடத்தைத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: ஊர்க் கூட்டத்தில் நியூட்ரினோ பற்றிப் பேசச் சொல்கிறார்கள். தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகம் வந்தால் கதிர்வீச்சு வருமா என்று கேட்டால் என்ன சொல்வது? – அறிவியல் இயக்கத் தொண்டர், உசிலம்பட்டி

பதில்: கதிர்வீச்சு வராது. அதைத் தயங்காமல் சொல்லுங்கள். நியூட்ரினோ என்பது மின்னூட்டமில்லாத, எதையும் ஏறக்குறையத் தொடாமலே கடந்துபோகும் நுண்துகள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் விரல் நகத்தளவு இடத்தில் வினாடிக்குச் சுமார் 6,500 கோடி என்ற கணக்கில் இப்போதும் ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கின்றன. அங்கே திட்டமிட்ட கருவி நியூட்ரினோவை உண்டாக்குவதல்ல. காற்றுமண்டலத்தில் உண்டாகி வருவதில் நாளைக்கு ஒரு சிலவற்றை மட்டும் பிடிப்பது. 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு, அடுக்குகளுக்கு நடுவே கண்ணாடித் தட்டுகள், அவற்றுள் வாயு. அவ்வளவுதான். மலை எதற்கு என்பார்கள். மேலூர்த் தொட்டியில் தெரியும் என்று மேலே சொன்ன அதே மியூவான்கள் கருவியை மூழ்கடித்துவிடும் என்பதற்காகத்தான் எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-இல் காற்றுமண்டல நியூட்ரினோவைக் கண்டதும் இதே முறையில்தான். மதுரையில் 85 டன் எடையில் இதன் சிறு மாதிரியை 11 இரும்பு அடுக்குகளோடு நிறுவி இயக்கினார்கள். அது தரைமேல் நின்று மியூவான்களைப் பதிவுசெய்வது.

ஆனால் கதிர்வீச்சு இல்லை என்று சொல்லி முடித்துவிட்டு உட்காராதீர்கள். சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கத்துக்கு வெடி வைத்தால் அதிர்வு எவ்வளவு, உடைத்த பாறையை எங்கே கொட்டுவது, தண்ணீர் எங்கிருந்து, மதிகெட்டான் சோலைக் காட்டு விலங்குகள் என்னாகும் என்று கேட்பவர்கள் அறியாமையில் கேட்கவில்லை. அவை அளந்து பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். அந்த வாயுவிலும் பெரும்பகுதி குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் ஆர்134ஏ வகை. கசிந்தால் கதிர்வீச்சு இல்லை, ஆனால் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நீங்களே இதை முதலில் சொல்லிவிட்டால் அடுத்து நீங்கள் சொல்வதைக் கேட்பார்கள். 2015-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்ததையும், 2022-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவுசெய்ததையும் சேர்த்தே சொல்லுங்கள். ஸ்லைடு போட்டுப் பேசுவதைவிட, ஒரு கிளவுட் சேம்பரை எடுத்துப்போய்ப் பேச்சுக்கு முன் கால் மணி நேரம் எல்லாரும் எட்டிப்பார்க்க விடுங்கள்.

கேள்வி: துகள் பட்டால் மின்னும் சின்டிலேட்டர் பலகை இரண்டை வைத்து மியூவான் எண்ணும் கருவி செய்தோம். மதுரையில் 10 நிமிடத்தில் 212, கொடைக்கானலில் 10 நிமிடத்தில் 231. மலையில் மியூவான் அதிகம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாமா? – கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

பதில்: இந்த எண்களை வைத்து எழுதக் கூடாது. எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 212-க்கு ஏறத்தாழ 15, 231-க்கும் 15. வித்தியாசம் 19, அந்த வித்தியாசத்தின் பிழை 443-இன் வர்க்கமூலம், அதாவது 21. மதுரையிலேயே இரண்டு முறை எண்ணினாலும் இப்படி வரக்கூடும். இதே வேகத்தில் பிழையைப் போல் மூன்று மடங்கு வித்தியாசம் தெரிய, ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மணி நேரம் எண்ண வேண்டும். உயரம் கூடினால் மியூவான் கூடும் என்பது உண்மைதான். உங்கள் கருவி அதைக் காட்டிவிட்டதா என்பது வேறு கேள்வி.

நேரத்தைக் கூட்டினாலும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. சின்டிலேட்டரின் மின்னலை மின்துடிப்பாக மாற்றும் சிலிக்கான் ஒளியுணரியின் பெருக்கம் வெப்பநிலையோடு மாறும். குளிரில் அதே வோல்டேஜுக்குத் துடிப்பு பெரிதாகும், எண்ணுவதற்காக வைத்த வரம்பைத் தாண்டுவதும் அதிகமாகும். மதுரை வெயிலிலிருந்து கொடைக்கானல் குளிருக்குப் போனால் மியூவான் கூடாமலேயே எண்ணிக்கை கூடும். ஊருக்குள்ளேயே கருவியை ஒரு முறை ஏ.சி. அறையிலும் ஒரு முறை வெளியிலும் வைத்து எண்ணிப் பாருங்கள். அந்த மாற்றம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு மலை ஏறுங்கள். பலகைகளுக்கு இடையிலான தூரம் இம்மியும் மாறக் கூடாது. இரண்டு இடத்திலும் மேலே ஒரே மாதிரிக் கூரை. கறுப்பு டேப்பின் மடிப்புகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணிக்கை எகிறினால் ஒளி கசிகிறது.

பரப்பு பெரிதானால் என்ன பயன் என்பதற்கு ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 என்ற விண்கதிர் ஆய்வுக்கூடம் நல்ல எடுத்துக்காட்டு. 560 சதுர மீட்டர் மியூவான் கருவி அங்கே இருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று இடிமேகம் ஒன்று கடந்தபோது மியூவான் வரத்து சிறிது குறைந்ததை வைத்தே, அந்த மேகத்தில் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாகக் கணக்கிட்டார்கள்.

கேள்வி: ஹிக்ஸ் போசான் துகளைக் ‘கடவுள் துகள்’ என்று எழுதலாமா? – சிற்றிதழ் ஆசிரியர், சோழவந்தான்

பதில்: வேண்டாம், ‘ஹிக்ஸ் போசான்’ போதும். அதைக் கண்டதாக 2012 ஜூலை 4 அன்று ஜெனீவா அருகே உள்ள துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் அறிவித்தபோது சொன்ன ‘5 சிக்மா’வை விளக்குவதில் அந்த இடத்தைச் செலவிடுங்கள். துகள் இருந்தால் தரவின் வரைபடத்தில் ஒரு மேடு எழும். துகளே இல்லாமல் தற்செயலாக அப்படியொரு மேடு வர வாய்ப்பு ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒன்று. பூவா தலையா போட்டு 22 முறை தொடர்ந்து பூ விழ வாய்ப்பு 42 லட்சத்தில் ஒன்று. அதை வாசகர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: செர்ன் தரவை நாங்களே ஆராய முடியுமா? – பிளஸ் டூ மாணவி, திருமங்கலம்

பதில்: முடியும். 2014 முதல் செர்ன் தன் தரவுகளில் ஒரு பகுதியைப் பொதுவில் இலவசமாகத் தருகிறது. செர்னில் புரோட்டான் மோதல்களைப் பதியும் சி.எம்.எஸ். கருவி பதிந்த, இரண்டு மியூவான் கொண்ட மோதல்களின் பட்டியலை எக்செல் கோப்பாகவே திறக்கலாம். ஒவ்வொரு வரியிலும் இரண்டு மியூவான்களின் குறுக்கு உந்தம் (துகள் கற்றைக்குக் குறுக்கான உந்தம்), போகும் திசையைச் சொல்லும் ஈட்டா, ஃபை என்ற எண்கள் இருக்கும். ஈட்டா வித்தியாசத்தின் கோஷ் (எக்செலில் COSH) மதிப்பிலிருந்து ஃபை வித்தியாசத்தின் கோசைனைக் கழித்து, இரண்டு உந்தங்களாலும் 2-ஆலும் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். அதுதான் சிதைந்து அந்த இரண்டு மியூவான்களைத் தந்த தாய்த்துகளின் நிறை. ஃபை கோணம் ரேடியனில் இருக்கிறது. டிகிரி என்று நினைத்தால் எல்லாம் குலைந்துவிடும். எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட ஜோடிகளை மட்டும் எடுத்து வரைபடம் போடுங்கள். துகள்களின் நிறையை அளக்கும் அலகான கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் 3.1 என்ற இடத்தில் ஜே/சை என்ற துகளின் கூர்மையான முனை எழும். 91 அருகே வரும் இசட் போசான் என்ற கனமான துகளின் மேடு சாதாரண அளவுகோலில் அமுங்கிப்போகலாம். தெரியவில்லையென்றால் நிமிர்ந்த அச்சை மடக்கை அளவுக்கு மாற்றுங்கள்.