அப்பாவுக்கு ‘முழு இதய பேக்கேஜ்’ எடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று போனபோது எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்து, இ.எஃப். 35 சதவீதம், இதயச் செயலிழப்பு என்றார்கள். மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. மனசு கேட்காமல் வேறு சென்டரில் எக்கோ எடுத்தோம், 40 என்று வந்தது. எது சரி? அங்கேயே சி.டி. ஆஞ்சியோவும் எம்.ஆர்.ஐ.யும் சேர்த்துப் பாதி விலைக்குத் தருகிறார்களாம், இந்த வாரமே பணம் கட்டணுமாம். கட்டலாமா?
— வாசகி, மதுரை

பதில்: கட்டாதீர்கள், இப்போதைக்கு.

முதலில் அந்த எண். இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே போகிறது என்பதுதான் இ.எஃப். நல்ல இதயமே 55 முதல் 70 வரைதான் தள்ளும், அதனால் 35 என்றதும் நூற்றுக்கு 35 மார்க் என்று பயந்துவிடாதீர்கள். எக்கோவில் அறையின் உள் ஓரத்தைப் பார்த்துக் கோடு போட்டு அளக்கிறார்கள், ஆளுக்கு ஆள் ஐந்து புள்ளி முன்னே பின்னே வருவது சாதாரணம். அதனால் 40 வந்ததை வைத்து முன்னேற்றம் என்றும் சொல்ல முடியாது, முதல் ரிப்போர்ட் தப்பு என்றும் சொல்ல முடியாது.

நீங்கள் காசு செலவழிக்க வேண்டிய எக்கோ இனிமேல்தான் வரும். மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டி, குறைந்தது மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு, முதலில் எடுத்த அதே இடத்தில் எடுங்கள். அப்போதும் 35-க்கு மேல் ஏறவில்லை என்றால் ஐ.சி.டி. கருவி (இதயத் துடிப்பு ஆபத்தான விதத்தில் தாறுமாறானால் மின்அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும், உடம்புக்குள் வைக்கும் கருவி) வைப்பது பற்றி டாக்டர் பேசுவார், அவ்வளவு முக்கியமான எண் அது. பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், எக்கோ படங்களைக் குறுந்தகட்டில் கேட்டு வாங்குங்கள், வால்வு, அறைகளின் அளவு எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இ.எஃப். மட்டும் எழுதிய ஒற்றைத் தாள் போதாது.

சரி, பேக்கேஜ். சி.டி. ஆஞ்சியோ ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்க. அதற்கு ஏற்றும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் எடுக்கவே கூடாது. எம்.ஆர்.ஐ. தசையில் தழும்பு, அழற்சி இருக்கிறதா என்று காட்டும், காரணம் பிடிபடாதபோது ரொம்பப் பயன்படும், ஆனால் முக்கால் மணி நேரம் போல மல்லாந்து படுத்து, சொல்லும்போதெல்லாம் மூச்சை அடக்கணும், படுத்தாலே மூச்சு முட்டுகிறவருக்கு அது கொடுமை. இரண்டில் ஏதாவது தேவைதானா என்பதை உங்கள் இதய டாக்டர் சொல்லட்டும். ‘இதில் என்ன தெரிந்தால் சிகிச்சையை மாற்றுவீர்கள்?’ என்று நேராகவே கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எடுக்கச் சொன்னால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அடங்குமா என்று விசாரித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

இன்றைக்கு ஏதாவது வாங்கியே ஆகணும் என்றால் ஒரு நல்ல எடை மெஷின் வாங்குங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடுவதற்கு முன் அப்பா ஏறி நிற்கட்டும், எழுதி வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம், அன்றே டாக்டருக்கு போன் போடுங்கள்.