துறைமுகமே இல்லாத மெட்ராஸ் எப்படி வணிக நகரமானது?

இயற்கைத் துறைமுகம் இல்லாத ஒரு மணற்கரையைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏன் தேர்ந்தெடுத்தது என்ற கேள்விக்கு விடை, கடலில் அல்ல, தறியில் இருக்கிறது. 1639-இல் உள்ளூர் ஆட்சியாளரான தாமர்ல வெங்கடப்ப நாயக்கரிடம் கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே இடம் பெற்றபோது, இப்பகுதியில் பருத்தித் துணி மலிவாகக் கிடைத்தது என்பதே முதன்மைக் காரணம். கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, கயிற்றால் தைத்த மசூலா படகுகளே அலைகளைக் கடந்து சரக்கைக் கரைசேர்த்தன, பல வேளைகளில் நனைத்தும்விட்டன.

புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டியவர்கள் ஆங்கிலேயர்களாயினும், நகரத்தை நிரப்பியவர்கள் பேரி திம்மப்பா, 1680-இல் மறைந்த காசி வீரண்ணா போன்ற வணிகர்களே என்பது என் கருத்து. முன்பணம் கொடுத்து நெசவாளர்களிடம் துணி வாங்கித் தரும் இவர்களும், பின்னர் துபாஷிகளும் இல்லாமல் கம்பெனியால் ஒரு பொதிகூடத் திரட்டியிருக்க முடியாது. துபாஷி வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர்; தரகர், கடன் கொடுப்பவர், சில வேளைகளில் எசமானரையே கடனாளியாக்கியவர்.

இந்த வணிகப் போட்டி வலங்கை, இடங்கை எனும் இரு பெரும் சாதிப் பிரிவுகளின் வழியாகத் தெருவுக்கும் வந்தது. 1707-இல் மூண்ட பூசலின் தொடர்ச்சியாகப் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையினருக்கும் முத்தியால்பேட்டை இடங்கையினருக்கும் ஒதுக்கப்பட்டன.

1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் சிந்தாதிரிப்பேட்டை, நெசவு சார்ந்த தொழிலாளர்களுக்கென்றே திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. 1746-இல் நகரைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி, 1749-இல் திரும்பக் கொடுத்த பிறகு, கோட்டையை ஒட்டியிருந்த பழைய கருப்பர் நகரம், அதாவது இந்தியர்கள் வாழ்ந்த பகுதி, இடிக்கப்பட்டது. இன்றைய உயர்நீதிமன்றம் அந்த நிலத்தில்தான் நிற்கிறது.