காட்டு லீக் பறிக்கும்போது வாசனையை மட்டும் நம்பலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கிறோம். ஏப்ரலில் நண்பர்களோடு காட்டுக்குப் போய் ரேம்ப்ஸ் எனும் காட்டு லீக் (வெங்காய இனத்துக் காட்டுக் கீரை) பறிக்கத் திட்டம். கசக்கினால் வெங்காய வாசனை வந்தால் போதும், பயமே வேண்டாம் என்கிறார்கள். உண்மையா? என் மாமனார் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எனும் மருந்து எடுத்துக்கொள்கிறார், அவரும் சாப்பிடலாமா?

பதில்: வாசனை நல்ல சோதனைதான், ஆனால் முதல் சில இலைகளுக்கு மட்டும். அதற்குள் வெங்காயமும் பூண்டும் கலந்த அந்த நெடி விரலில் ஏறிவிடும், அப்புறம் விஷச் செடியைப் பறித்து முகர்ந்தாலும் அதே நெடிதான் வரும். அதனால் ஒவ்வொரு செடியையும் கண்ணாலும் பாருங்கள், மொத்தமாகப் பிடித்து அறுக்காதீர்கள்.

அதே பருவத்தில் முளைக்கிற இரண்டு விஷச் செடிகள்தான் என் கவலை. ஃபால்ஸ் ஹெலிபோரின் இலைகள் விசிறிபோல ஆழமாக மடிப்பு மடிப்பாக, நடுத்தண்டைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரும். லில்லி ஆஃப் த வேலியில் பெரும்பாலும் இரண்டு இலைகள் ஒரே தண்டிலிருந்து பிரியும், அடியில் குமிழ் இருக்காது. ரேம்ப்ஸ் இலை வழவழப்பானது, ஒவ்வொன்றும் தனிக் காம்போடு மண்ணிலிருந்தே கிளம்பும், காம்பு பல நேரம் சிவந்திருக்கும், மண்ணை லேசாக விலக்கினால் சின்ன வெள்ளைக் குமிழ் தெரியும். பார்த்துவிட்டுக் குமிழை மூடிவிடுங்கள், ஒரு செடியிலிருந்து ஓர் இலை மட்டும் பறித்தால் போதும். விதையிலிருந்து முழுதாக வளர ஏழு வருடம்வரை ஆகிற செடி அது. சந்தேகம் துளி இருந்தாலும் விட்டுவிடுங்கள். சமைத்தால் விஷம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், போகாது.

தவறிச் சாப்பிட்டுவிட்டால்? ஃபால்ஸ் ஹெலிபோர் என்றால் அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தி, தலைசுற்றல், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் விழுந்துவிடும். லில்லி ஆஃப் த வேலி, டிகாக்சின் எனும் இதய மருந்தைப் போல இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைக்கும். இரண்டுக்கும் மருத்துவமனையில் சிகிச்சை உண்டு, ஆனால் நேரத்தோடு வர வேண்டும். அறிகுறிக்காகக் காத்திருக்காமல் 1-800-222-1222 என்ற விஷ முறிவு உதவி எண்ணை உடனே அழையுங்கள், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் நேராக அவசர உதவி எண் 911. வலிய வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மிச்ச இலையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

மாமனார் கொஞ்சமாகச் சாப்பிடலாம். பச்சை இலைகளில் வைட்டமின் கே உண்டு, திடீரென்று தினமும் தட்டு நிறையச் சாப்பிட்டால் வார்ஃபரினின் வேலை குறையும். பருவம் முழுக்க வீட்டில் இதுதான் சமையல் என்றால் அவருடைய மருத்துவரிடம் முன்பே சொல்லி, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனை பார்த்துக்கொள்ளுங்கள்.