ஜோடி கருந்துளைகள் பத்தி கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

கே: ஒரே கேலக்ஸில ரெண்டு ராட்சசக் கருந்துளை எப்படி சார் வரும்?

ப: ரெண்டு கேலக்ஸி மோதி ஒண்ணாகும்போதுதான். பெரிய கேலக்ஸி கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, மோதல்ல கேஸ் எல்லாம் நடுவுக்குச் சரியும், ரெண்டும் அதைத் தின்னு வளரும்போதுதான் நம்ம கண்ணுல மாட்டும், பட்டினி கிடக்குற கருந்துளையை அவ்ளோ தூரத்துல கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். என்ஜிசி 6240ங்கிற கேலக்ஸியை எடுத்துக்கோங்க, நடுவுல ஒரே தூசி, ஆனா எக்ஸ்ரே தூசியைத் துளைச்சு வந்துரும், 2002ல சந்திராங்கிற எக்ஸ்ரே விண்வெளி டெலஸ்கோப் டேட்டால ரெண்டு மையமும் தனித்தனியா தீனி தின்னுட்டு இருக்குன்னு தெரிஞ்சுது. இடைவெளி சுமார் 3000 ஒளியாண்டு.

கே: பூமிக்கு ஆபத்தா?

ப: இல்ல.

கே: ஸ்பெக்ட்ரத்துல (ஒளியை நிறம் நிறமா பிரிச்சதுல) ஆக்சிஜன் கோடு ரெண்டா பிரிஞ்சிருக்கு, ஜோடிதானே?

ப: அவசரப்படாதீங்க. ஒரே கருந்துளை ரெண்டு பக்கமும் கேஸை ஊதித் தள்ளினாலும் அப்படித்தான் வரும். ரெண்டா தெரியுறதெல்லாம் ஜோடி இல்ல, இதை இன்னும் பத்து தடவை சொல்லுவேன்.

கே: அப்போ ரெட்டைக் குவேசார் (தீனி தின்னு பளபளக்கிற ராட்சசக் கருந்துளை) எல்லாமே லென்ஸா (நடுவுல இருக்குற கேலக்ஸியோட ஈர்ப்பு ஒளியை வளைச்சு ஒண்ணை ரெண்டா காட்டுறது) இருக்கலாமே? 1979ல கண்டுபிடிச்ச க்யூ0957+561 ஒரே குவேசாரோட ரெண்டு பிம்பம்தானே?

ப: வாங்க, இதான் கேள்வி! லென்ஸ்னா நடுவுல ஒரு கேலக்ஸி இருக்கணும், அதைத் தேடணும். அப்புறம் வெளிச்சம் ஏறி இறங்குறதைப் பாருங்க, நீங்க சொன்னதுல ஒரு பிம்பத்துல வந்த அதே ஆட்டம் சுமார் 14 மாசம் கழிச்சு இன்னொண்ணுல வருது. நிஜ ஜோடின்னா ஒண்ணோட ஆட்டத்துக்கும் இன்னொண்ணோட ஆட்டத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

கே: (அதே நபர்) லென்ஸ் கேலக்ஸி ரொம்ப மங்கலா இருந்தா?

ப: அதனாலதான் ஒரே டெஸ்ட்டை நம்பி யாரும் பேப்பர் எழுதுறதில்ல. ஜே0749+2255ங்கிற ரெட்டைக் குவேசார்ல மோதிக்கிட்டிருக்கிற கேலக்ஸிகளே ஹபிள் படத்துல தெரிஞ்சுது, மோதல்ல இழுபட்ட வாலோட. அதை லென்ஸ்னு எப்படிங்க சொல்லுவீங்க?

கே: (அதே நபர்) சரி, அது ஒண்ணை ஒத்துக்கறேன்.

ப: அப்பாடா.

கே: ரெண்டும் ஒண்ணு சேர்றதை லைகோ (ஈர்ப்பலை பிடிக்கிற கருவி) ஏன் பிடிக்கல?

ப: இதுங்க ஒரு சுத்து சுத்தவே வருஷக்கணக்காகும், அதுல வர்ற ஈர்ப்பலை லைகோவுக்கு ரொம்ப மெதுவு. பல்சார் (சீரா ரேடியோ துடிப்பு அனுப்புற செத்த நட்சத்திரம்) துடிப்புகளை வருஷக்கணக்கா அளந்தவங்க 2023 ஜூன்ல அந்த மெதுவான ஈர்ப்பலை முனகலுக்கு ஆதாரம் இருக்குன்னு சொன்னாங்க, இந்த மாதிரி ஜோடிங்க கூட்டமா எழுப்புற சத்தமா இருக்கலாம்.

கே: நம்ம பூமியை விழுங்கிடுமா சார்?

ப: மேல படிங்க.

கே: அண்ணா, மோதிடுச்சுன்னா உடனே சேர்ந்துருமா?

ப: கோடிக்கணக்கான வருஷம். அதுலயும் சில ஒளியாண்டு தூரத்துக்கு வந்ததும் நெருக்கம் நின்னு போகலாம், பக்கத்து நட்சத்திரங்களைத் தூக்கி எறிஞ்சுதான் ரெண்டும் நெருங்கும், அங்க எறிய நட்சத்திரம் பத்தாது, 1980லயே பெகல்மேன், பிளான்ட்ஃபோர்ட், ரீஸ்னு மூணு விஞ்ஞானிகள் எழுதின சிக்கல் இது. 0402+379ங்கிற கேலக்ஸில ரெண்டுக்கும் நடுவுல சுமார் 24 ஒளியாண்டுதான்.

கே: என் டெலஸ்கோப்ல ரெண்டு புள்ளி பக்கத்துல பக்கத்துல தெரியுது, ஜோடியா?

ப: நட்சத்திரம்ங்க அது.