பள்ளிக்கு மொட்டை மிரட்டல் வந்தால்: கேள்வி பதில்

பெயர் சொல்லாமல் பள்ளிக்கு வரும் வன்முறை மிரட்டல் பற்றி அலுவலகப் பணியாளர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

அலுவலகப் பணியாளர்: போனில் "குண்டு வைத்திருக்கிறோம்" என்றால், உடனே வைத்துவிட்டுப் போலீசைக் கூப்பிடலாமா மேடம்?

வைக்காதீர்கள், பேச விடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டி, வேறு போனிலிருந்து போலீசைக் கூப்பிடச் சொல்லுங்கள். எங்கே இருக்கிறது, எப்போது வெடிக்கும், பார்க்க எப்படி இருக்கும், எதற்காக வைத்தீர்கள் என்று நேராகவே கேளுங்கள். வாய்விட்டுச் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள், உங்கள் வார்த்தையில் சுருக்க வேண்டாம். "மத்தியானம்" என்றாரா, "ரெண்டாவது மணி அடிச்சதும்" என்றாரா? இரண்டாவது விதமாகப் பேசுகிறவருக்குப் பள்ளியின் நேரம் தெரிந்திருக்கலாம். பின்னால் கேட்கும் ரயில், டிவி, வேறு குரல் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். லேண்ட்லைன் என்றால், அவர் துண்டித்த பிறகும் ரிசீவரை வைக்காமல் அப்படியே விடுங்கள்.

வகுப்பு ஆசிரியை: ஒரு மாணவி தன் போனில் வந்த மிரட்டலைக் காட்டினாள். எல்லோரும் உஷாராகட்டும் என்று ஸ்டாஃப் குரூப்பில் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். மிரட்டல் தலைமை ஆசிரியருக்கும் போலீசுக்கும் மட்டும்தான் போக வேண்டும். குரூப்பில் விழுந்தால் பத்து நிமிடத்தில் பெற்றோர் கைக்கு வந்துவிடும். அதற்குள் தேதி வெட்டப்பட்டு, வேறு பள்ளியின் பெயரும் சேர்ந்திருக்கும். பிறகு முதல் பதிவு எது என்று தேடுவதே பெரிய வேலை.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது கணக்கின் யூசர்நேம், நாள், நேரம், பதிவின் இணைப்பு எல்லாம் தெரிய வேண்டும். மேலே காட்டும் பெயரை யாரும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அது மட்டும் போதாது. தானாக மறையும் செய்தி என்றால், இன்னொரு போனால் திரையைப் படம் எடுங்கள். சில செயலிகளில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். மின்னஞ்சல் என்றால் மூலத்தை அழிக்காமல் வையுங்கள். சாதாரணமாக ஃபார்வர்ட் செய்தால் அது எந்த வழியாக வந்தது என்ற விவரம் கூடவே போகாது. அந்தக் கணக்கில் போய் "யார்டா நீ" என்று கேட்கவும் வேண்டாம். உஷாராகி எல்லாவற்றையும் அழித்துவிடுவார்.

தலைமை ஆசிரியர்: பிள்ளைகளை வெளியேற்றுவதா, வகுப்பிலேயே வைத்துப் பூட்டுவதா?

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். துப்பாக்கி, கத்தி என்று ஆள் வருகிற மிரட்டலுக்குப் பூட்டிய கதவு காப்பாற்றும். வெடிகுண்டு மிரட்டலுக்கு அதே பூட்டிய அறை ஆபத்தாகலாம். அதனால் இரண்டுக்கும் தீ மணியை அடிக்காதீர்கள். ஆள் வரும் மிரட்டலில் அது பிள்ளைகளை நேராக வராந்தாவுக்கு இழுத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி அறிவிப்பு வைத்து, அதைச் சாதாரணத் தமிழில் சொல்லுங்கள். ரகசியக் குறிச்சொல் தற்காலிக ஆசிரியருக்குத் தெரியாது.

குண்டு மிரட்டலில், போலீசோடு பேசி வெளியேற்ற முடிவு செய்தால், போகும் வழியையும் கூடும் இடத்தையும் முதலில் பார்த்துவிடுங்கள். வழக்கமாகக் கூடும் மைதானம் மிரட்டியவருக்கும் தெரிந்திருக்கலாம். வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். வகுப்பை அந்த வகுப்பு ஆசிரியரே ஒரு பார்வை பார்க்கட்டும். எந்தப் பை அங்கே இருக்கக் கூடாதது என்று அவருக்குத் தெரிவதுபோல் வெளியிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது. சந்தேகப் பொருள் கண்ணில் பட்டால் தொடக் கூடாது. பிரிட்டனின் வழிகாட்டுதலில், அதிலிருந்து 15 மீட்டருக்குள் போன், வாக்கிடாக்கி பயன்படுத்தக் கூடாது. தோள்பை அளவுள்ள பொருளுக்கே குறைந்தது 100 மீட்டர் விலக வேண்டும்.

ஒரு தந்தை: தகவல் கேட்டதும் ஓடிப்போய்ப் பிள்ளையைக் கூட்டி வரக் கூடாதா?

உங்கள் தவிப்பு நியாயமானது. ஆனால் 300 பெற்றோர் ஒரே நேரத்தில் வாசலில் வண்டியை நிறுத்தினால் ஆம்புலன்ஸ் உள்ளே நுழைய முடியாது. பள்ளி ஒப்படைக்கும் இடத்தை அறிவித்த பிறகு, அடையாள அட்டையோடு அங்கே போங்கள். பிள்ளையைக் கூட்டிப் போகிறவரின் கையெழுத்தை வாங்காமல் பள்ளியும் அனுப்பக் கூடாது. கூட்டத்தில் தாத்தா கூட்டிப்போன பிள்ளையை அம்மா தேடி அலறுவது இந்த ஒரு கையெழுத்து இல்லாததால்தான்.

பள்ளியும் பெற்றோரை இருட்டில் வைக்கக் கூடாது. முதல் செய்தி இவ்வளவு இருந்தால் போதும்: "இன்று காலை 9.40க்குப் பள்ளிக்கு ஒரு மிரட்டல் வந்தது. போலீஸ் வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஆசிரியர்களுடன் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர வேண்டாம். அடுத்த செய்தி 10.30க்கு." 10.30க்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் "புதிதாக இல்லை" என்று அனுப்பியே ஆக வேண்டும்.

ஒரு தாய்: பெரும்பாலும் புரளிதானே? எதை நிஜமாக எடுப்பது?

பெரும்பாலும் புரளிதான். ஆனால் அதைச் சோதித்த பிறகுதான் சொல்ல முடியும். யார், எங்கே, எப்போது, எதனால் என்று விவரம் கூடக் கூட எடையும் கூடும். திரும்பத் திரும்ப வருவது, ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிவைப்பது, ஆயுதம் கைக்கு எட்டும் நிலையில் இருப்பது எல்லாம் பெரிய எச்சரிக்கை.

இதோடு ஒன்றையும் கவனியுங்கள். அமெரிக்க ரகசியச் சேவையும் கல்வித் துறையும் 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டன. அவற்றில் பத்துக்கு எட்டுக்கும் மேல், தாக்கியவரின் திட்டம் குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. குறிவைத்தவரை நேரடியாக மிரட்டிவிட்டுத் தாக்கியவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. அதனால் பள்ளிக்கு வரும் கடிதத்தைவிட, நண்பனின் காதில் விழுந்த பேச்சுக்கு அதிகம் பயப்பட வேண்டும்.

ஒரு மாணவன்: எழுதினது யாருன்னு எனக்குத் தோணுது. சொன்னா காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா மிஸ்?

ஆகாது தம்பி. ஒருவனை மாட்டிவிடச் சொல்வது வேறு, யாருக்கும் அடிபடாமல் இருக்கச் சொல்வது வேறு. அந்தப் பையனும் அதில் அடக்கம். நீ நம்புகிற பெரியவர் ஒருவரிடம், கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல். அவன்தானா என்று முடிவு செய்வது உன் வேலை இல்லை. கூட்டாளிகளிடம் பெயரைச் சொல்லாதே. தப்பான பெயராக இருந்தால் அந்தப் பிள்ளை பாடு திண்டாட்டம்.

துப்புரவுப் பணியாளர்: கழிப்பறைச் சுவரில் எழுதியிருந்தால் உடனே அழித்துவிடலாமா அம்மா?

அழிக்காதீர்கள். கதவைப் பூட்டிவிட்டு, கடைசியாக அங்கே எப்போது சுத்தம் செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். எழுதிய நேரம் அதிலிருந்துதான் கிடைக்கும். எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துக் கிட்டத்தில் ஒரு படம், சுவர் முழுவதும் தெரிய ஒரு படம் எடுக்கட்டும். போலீஸ் பார்த்து முடித்ததும் அன்றைக்கே அழித்துவிடுங்கள். மறுநாள்வரை விட்டால், அதன் கீழேயே வேறு கையெழுத்தில் இன்னொன்று எழுதியிருப்பார்கள்.